மீன் வாடை வந்தால் மெயினை அணையுங்கள்

ஜூன் மாதத்தின் முதல் பெருமழை. இரவு 10 மணி. செம்பூரில் திலக் நகரிலோ சேடா நகரிலோ ஏதோ ஒரு மூன்றாவது மாடி. பாத்ரூம் விளக்கைப் போட்டதும் 'பட்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு. வீட்டுக்காரர் மெழுகுவத்தி தேடுகிறார். வீட்டுக்கார அம்மாள் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எப்போதோ எழுதிவைத்த எலக்ட்ரீஷியன் எண்ணைத் தேடுகிறார். எண் கிடைத்துவிடுகிறது. எடுத்துப் பேசுவது அவருடைய மகன். அப்பா ரத்னகிரிக்கு நடவுக்குப் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும் என்கிறான். கீழ்த்தளத்து மளிகைக் கடைக்காரர் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்று யாரையோ அனுப்பிவைக்கிறார். வருகிற பையன் கையில் ஒரு டெஸ்டர், ஒரு குறடு, ஒரு ரோல் கறுப்பு டேப். பத்து நிமிடத்தில் வெளிச்சம் வந்துவிடுகிறது. பையனுக்கு டீயும் பணமும் கிடைக்கின்றன. அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வெளிச்சம் வருவதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் பாதி, வீட்டைக் காக்க வைத்திருந்த கருவியைச் செயலிழக்கச் செய்கிற வழிகள்.

முதலில் அந்த இருட்டைக் கவனிக்கலாம். விளக்கு போனவுடன் செய்ய வேண்டியது எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதல்ல, ஜன்னலைத் திறந்து பார்ப்பது. எதிர்க் கட்டடமும் இருட்டாக இருந்தால் அது வட்டாரத்துக்கே வந்த கோளாறு. 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்றபோது, மெயின் ஸ்விட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். சென்னைவாசிகளுக்கும் டெல்லிவாசிகளுக்கும் மின்வெட்டு பழக்கமான விருந்தாளி. மும்பைக்காரர்களுக்கு அது அதிசயம், அதனால் இன்வெர்ட்டரும் அதிகம் கிடையாது. எதிர்க் கட்டடத்தில் வெளிச்சம் இருந்து நம் மாடிப்படி மட்டும் இருட்டாக இருந்தால் கோளாறு கட்டடத்தின் மீட்டர் அறையிலோ, அதற்கு வரும் கேபிளிலோ இருக்கும். மாடிப்படியில் விளக்கு எரிந்து வீட்டில் மட்டும் இருட்டு என்றால்தான் அது எலக்ட்ரீஷியனின் வேலை.

இந்த மூன்று எல்லைகளும் மூவருக்குச் சொந்தம். மீட்டர் வரை மின் நிறுவனத்துடையது. மீட்டரின் சீலில் கைவைக்க எந்த எலக்ட்ரீஷியனுக்கும் உரிமை இல்லை; வைத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவு காத்திருக்கிறது, அதில் மாட்டுவது அந்தப் பையன் மட்டுமல்ல, வீட்டுக்காரரும்தான். மீட்டரிலிருந்து வீட்டின் மெயின் ஸ்விட்ச் வரை மாடி ஏறிவரும் கம்பி ஹவுசிங் சொசைட்டியின் பொறுப்பு. மகாராஷ்டிர வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள் இதைச் சொல்கின்றன. ஆனால் பல சொசைட்டிகளின் செயலாளர்களுக்கே இது தெரிவதில்லை. அந்தக் கம்பியை மாற்றத் தன் கைப்பணத்தைச் செலவழித்த ஓய்வூதியக்காரர்கள் செம்பூரில் தேடினால் கிடைப்பார்கள். மெயின் ஸ்விட்சுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் குடும்பத்தின் பாடு.

செம்பூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. மாட்டுங்கா, தாராவிவாசிகளுக்கு 'பெஸ்ட்' ஒன்றுதான். பஸ்ஸும் அதுவே, மின்சாரமும் அதுவே. முலுண்ட், பாண்டுப் பக்கம் மாநில அரசின் மகாவிதரண். இடையில் இருக்கும் செம்பூரில் இரண்டு நிறுவனங்கள். 1929இல் தொடங்கிய பழைய பி.எஸ்.இ.எஸ். நிறுவனம் ரிலையன்ஸ் கைக்குப் போய், 2018இல் அதானியிடம் வந்தது. மறுபக்கம் டிராம்பேயில் அனல் மின் நிலையம் வைத்திருக்கும் டாடா. புறநகரில் வீடுகளுக்கும் டாடா மின்சாரம் விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பியை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள 2009 அக்டோபரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்தது. இதனால் பில் டாடாவுடையது, மின்சாரம் வந்துசேரும் கம்பி அதானியுடையது என்ற நிலையில் பல வீடுகள் வந்தன. கட்டணம் எதில் குறைவு என்று கணக்குப் பார்த்து மாறியவர்கள், கோளாறு என்றால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்தைப் படிக்க மறந்துவிட்டார்கள். அந்த எண்ணை மீட்டர் அறைக் கதவில் பெயின்ட்டில் எழுதிவைத்த சொசைட்டிகள் புத்திசாலிகள்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. செம்பூர் சித்தார்த் காலனியில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த ஒரு சிறிய கட்டடம். விடியற்காலையில் தரைத்தளக் கடையின் மின்கம்பிகளிலும் மின்சாதனங்களிலும் பற்றிய தீ மேலே ஏறியது. தூங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் சிறுவர் சிறுமியர். கீழே கடை மேலே வீடு என்ற அமைப்பு தாராவியிலும் உண்டு, செம்பூர் கேம்ப்பிலும் உண்டு. இறங்கிவர ஒரே படி, அந்தப் படி தொடங்குகிற இடம் தீ தொடங்குகிற இடம். இதே செம்பூரில் 2017 செப்டம்பர் 16 அன்று ஆர்.கே. ஸ்டுடியோவின் அரங்கு எரிந்தபோது உயிர்ச்சேதம் இல்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த பட உடைகள் சாம்பலாயின, பின்னர் ஸ்டுடியோவே விற்கப்பட்டது.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் தவறாமல் ஒரு சொல் வரும்: 'மின்கசிவு'. நல்ல சொல்தான், ஆனால் தவறான இடத்தில் குந்தியிருக்கிறது. கசிவு என்பது ஒன்று, ஷார்ட் சர்க்யூட் என்பது வேறு, தளர்ந்த இணைப்பு என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவதால், ஒன்றுக்கு வாங்கிய மருந்து மற்றதையும் குணப்படுத்தும் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள்.

கசிவு என்றால் மின்சாரம் போக வேண்டிய வழியில் போகாமல் ஈரச் சுவர், கீசரின் உடல், மனித உடல் என்று வேறு வழியில் தரைக்குப் போவது. இதைப் பிடிக்கிற கருவி ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடியின் ஒரு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஏன் 30? 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த பிடியை விட முடியாமல் தசை இறுகிவிடும், இன்னும் சற்று மேலே போய் நீடித்தால் இதயம் தாளம் தப்பும். சாதாரண எம்.சி.பி.க்கு இந்தக் கணக்கே தெரியாது. அதன் உலகம் 6, 16, 32 என்று முழு ஆம்பியர்களால் ஆனது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு, ஒரு மனிதன் ஷாக் அடித்துச் சாவது ஒரு சின்ன விளக்கு எரிவதைப் போலத்தான் தெரியும். நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000க்கும் அதிகமானோர் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2018 முதல் 2021 வரையிலான அறிக்கைகள் சொல்கின்றன.

ஷார்ட் சர்க்யூட் என்பது ஃபேஸும் நியூட்ரலும் நேராக முட்டிக்கொள்வது. இதற்குத்தான் எம்.சி.பி. அளவுக்கு மீறிய சுமை ஏறினாலும் அதுவே விழும். இரண்டு கருவியும் இருக்கிற வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றும்.

அந்தத் தூக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது. ஒரு சாக்கெட்டின் பின்னால் திருகு சரியாக இறுகவில்லை. கம்பியும் பித்தளையும் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. கீசர் ஓடும்போது அந்த இடம் சூடாகிறது. சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, இன்னும் தளர்கிறது, இன்னும் சூடாகிறது. மின்னோட்டம் கூடவில்லை, எனவே எம்.சி.பி. விழாது. போனது முழுவதும் திரும்பி வருகிறது, எனவே ஆர்.சி.சி.பி.யும் விழாது. பிளாஸ்டிக் மெல்ல வேகிறது. அந்த வேக்காட்டுக்கு ஒரு வாசனை உண்டு, பலர் அதை மீன் வாடை என்றே சொல்வார்கள். சேடா நகர் முருகன் கோயில் பக்கத்துச் சைவ வீட்டில் மீன் வாடை வந்தால் மாமி கீழ்வீட்டை முறைத்துப் பார்ப்பார். முறைப்பதற்கு முன்னால் மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச் போர்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது நல்லது. எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் மீன். மஞ்சளித்த பிளக், கறுத்த சாக்கெட் துளை, ஃபேனைப் போட்டால் விளக்கு சிமிட்டுவது, எல்லாம் அதே நோயின் அறிகுறிகள்.

கடையில் பணம் கொடுத்து வாங்கக்கூடிய சாதாரணக் கருவி எதுவும் இந்த மூன்றாவதைத் தடுக்காது. தடுப்பது ஒரு மனிதனின் கை. கம்பியின் தோலை எவ்வளவு சீவுகிறான், இழைகளை முறுக்கித் துளைக்குள் முழுவதும் விடுகிறானா, கனமான கம்பிக்கு லக் போடுகிறானா, திருகை இறுக்கியபின் கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறானா என்பதில்தான் வீடு நிற்கிறது. எலக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுப்பது பெயின்டரைத் தேர்ந்தெடுப்பதுபோல் அல்ல. பெயின்டரின் பிழை மறுநாள் காலை கண்ணுக்குத் தெரியும்.

செம்பூரின் பழைய வீடுகளில் அந்தக் கைக்குக் கூடுதல் சோதனை. திலக் நகர், சுபாஷ் நகர் வீட்டுவசதி வாரியக் காலனிகள் எழுந்த நாட்களில் ஒரு வீட்டின் மின்தேவை என்ன? 3 ஃபேன், 4 டியூப்லைட், பின்னாளில் ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 635 வாட், அதாவது 3 ஆம்பியருக்கும் குறைவு. இன்று அதே இரண்டு அறைகளில் ஒன்றரை டன் ஏசி 1,700 வாட், கீசர் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, மைக்ரோவேவ் 1,200, வாஷிங் மெஷின் 500. கூட்டினால் 7,400 வாட், 32 ஆம்பியர். எல்.ஈ.டி. விளக்கு வாங்கி மிச்சம் பிடித்த பெருமையெல்லாம் ஒரு கீசருக்குக் காணாது. மகன் அமெரிக்காவிலிருந்து ஏசிக்குப் பணம் அனுப்புகிறான். கம்பிக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை.

அந்தக் கம்பியும் சில வீடுகளில் அலுமினியம். தாமிரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த 1960, 70களில் அலுமினியக் கம்பியைத்தான் இழுத்தார்கள். அது திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளரும், காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும். அதன் முனையில் புதிய தாமிரக் கம்பியை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி ஏசிக்கு லைன் கொடுத்தால், மூன்றாவது நோய்க்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடையாது.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் செம்பூரில் ஒரே பதில்: "ரீடெவலப்மென்ட் வருது சார்." கட்டடம் இடிபடப் போகிறது, பில்டர் புது ஃபிளாட் தரப்போகிறார், இப்போது சுவரை உடைத்து வயரிங் மாற்றுவானேன்? நியாயமான கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் ரீடெவலப்மென்ட் பேச்சு ஆரம்பித்துப் பத்தாண்டு ஆன கட்டடங்கள் உண்டு. ஒரு பில்டர் போய் இன்னொருவர் வருவார், சொசைட்டி இரண்டு கட்சியாகும், வழக்கு ஓடும். அதற்குள் ஏசி மட்டும் இரண்டு வந்துவிடும். சுவரை உடைக்காமலே வழியிருக்கிறது. வீடு முழுவதையும் விட்டுவிட்டு, ஏசி, கீசர், சமையலறைப் பவர் பிளக் மூன்றுக்கு மட்டும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, சுவர்மேல் கேசிங் பட்டையில். ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி., எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஆர்.சி.சி.பி. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலை. பழைய கம்பிகள் விளக்கையும் ஃபேனையும் மட்டும் சுமந்துகொண்டு, வந்த நாளில் சுமந்த சுமைக்கே திரும்பிவிடும். பட்டை அழகாக இருக்காதுதான். இடிபடப் போகிற வீட்டுக்கு அழகு எதற்கு? அதோடு மின் நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கூட்டித் தரும்படி ஒரு விண்ணப்பமும் வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம்.

இனி அந்தக் கையை எங்கே தேடுவது?

சட்டம் சொல்வது தெளிவு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே திறனுள்ள இன்னொன்றாக மாற்றுவதை யாரும் செய்யலாம். புது லைன் இழுப்பது, கூட்டுவது, மாற்றுவது எல்லாம் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு, அவற்றுக்குப் பதிலாக வந்த 2010, 2023ஆம் ஆண்டு விதிகளிலும் தொடர்கிறது. மகாராஷ்டிரத்தில் வயர்மேன்கள் இதைப் 'பி.டபிள்யூ.டி. லைசென்ஸ்' என்பார்கள். தமிழ்நாட்டில் மின் உரிம வாரியம் 'பி' சான்றிதழ், 'சி' சான்றிதழ் என்று தருகிறது. குர்லா, முலுண்ட் ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன் படிப்பு 2 ஆண்டு. படித்து முடித்தவர்கள் ரயில்வேக்கும் கம்பெனிகளுக்கும் போய்விடுகிறார்கள். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் யாரோ ஒரு மாமாவிடமோ உஸ்தாதிடமோ உதவியாளாக இருந்து தொழில் கற்றவர். அவர்களில் மிகத் தேர்ந்த கைகள் உண்டு. சான்றிதழ் வைத்திருந்தும் திருகு இறுக்கத் தெரியாதவர்களும் உண்டு. புது லைன் என்றால் சான்றிதழ் கட்டாயம், பழுது பார்க்கக் கை முக்கியம் என்பதே நடைமுறையில் நிற்கிற பாகுபாடு.

கையை அறிய வழி இருக்கிறது. நல்ல எலக்ட்ரீஷியன் வந்தவுடன் கேள்வி கேட்பார். எப்போது போயிற்று, எதைப் போட்டபோது போயிற்று, மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது? பிறகு மெயின் போர்டைப் பார்ப்பார். காலில் செருப்பு இருக்கும், அதைக் கழற்றச் சொல்லும் வீட்டில் தகராறு செய்வார். வெறும் டெஸ்டரை நம்ப மாட்டார். நியூட்ரல் அறுந்திருந்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும், அனுபவமில்லாதவர் அதைப் பார்த்துக் குழம்பிவிடுவார். பையில் மல்ட்டிமீட்டர் இருக்கும். பழைய வீட்டுக்கு முழுச் சோதனை என்றால் மெகர் கொண்டுவருவார். 500 வோல்ட்டில் கம்பியின் காப்பு ஒரு மெகோமாவது காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

நியூட்ரல் அறுவது தனிக்கதை. பல மாடிக் கட்டடத்துக்கு வருவது மூன்று ஃபேஸ், எல்லா வீட்டுக்கும் பொது நியூட்ரல் ஒன்று. மீட்டர் அறையில் அது அறுந்தால் சில வீடுகளில் விளக்கு மங்கும், சில வீடுகளில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரையில்கூட ஏறும். டியூப்லைட் என்றுமில்லாத பிரகாசத்துடன் ஜொலித்தால் ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு ஓட வேண்டிய இடம் மின் நிறுவனத்தின் தொலைபேசி. நின்று ரசித்தவர்களின் டிவியும் ஃபிரிட்ஜும் ஒரே நாளில் போயிருக்கின்றன.

மோசமான கையின் அடையாளங்களும் தெளிவு. 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதா? 32 போட்டுவிடுகிறேன் என்பார். அதன் பிறகு எம்.சி.பி. விழாது, சுவருக்குள் இருக்கும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பிதான் ஃபியூஸாக வேலை செய்யும். ஆர்.சி.சி.பி. மழைக்காலத்தில் தொல்லை கொடுக்கிறதா? இரண்டு கம்பியையும் நேராகச் சேர்த்து அதைத் தாண்டி விட்டுவிடுவார். வெளியே கருவி அப்படியே மாட்டியிருக்கும், கோயில் வாசலில் கல் சிங்கம் நிற்கிற மாதிரி. தொடக்கத்தில் வந்த பையன் பத்து நிமிடத்தில் வெளிச்சம் கொண்டுவந்தது இப்படியாகவும் இருக்கலாம். அடுத்த நாளே அதைச் சோதிக்கலாம். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வீடு இருட்டாக வேண்டும். இருட்டாகாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது. மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத வீடுகளே அதிகம்.

எல்லாவற்றிலும் கொடியது எர்த் விஷயம். பழைய சாக்கெட்டில் எர்த் கம்பி இல்லை. வாஷிங் மெஷின் லேசாகச் சுரீர் என்கிறது. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டால் சுரீர் நின்றுவிடும், வீட்டுக்காரரும் மகிழ்ந்துபோவார். என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் வாஷிங் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். ஈரக் கையோடு அதைத் தொடப்போவது பெரும்பாலும் வேலைக்கு வரும் பெண்மணி. எர்த் கம்பி மீட்டர் அறையிலிருந்து தனியாக வர வேண்டும். வழியில்லை என்றால் ஆர்.சி.சி.பி.யாவது கட்டாயம் வேண்டும். அது எர்த் இல்லாவிட்டாலும் மனிதன் தொட்ட கணத்தில் விழும்.

காசு விஷயம். சில்லறைப் பழுதுக்கு வந்துபோகும் கூலி, புது வயரிங்குக்குப் 'பாயின்ட்' கணக்கு. சாமான் யார் வாங்குவது என்பதில்தான் சண்டை. எலக்ட்ரீஷியன் வாங்கினால் கடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். வீட்டுக்காரர் தானே போனால் மலிவாக இருப்பதை எடுத்துக்கொண்டு வருகிறார், அது இன்னும் மோசம். இருவரும் சேர்ந்து போவதே உத்தமம். கம்பிச் சுருளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பெரிய பிராண்டின் பெயரை ஓரெழுத்து மாற்றி விற்கும் சுருள்கள் லோஹார் சால் மொத்தச் சந்தைப் பக்கம்கூடக் கிடைக்கும், பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். வேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குவது நல்லது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதுவும் ஒரு சேவையே. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் சீட்டு இல்லாதவர் எதைக் காட்டுவார்?

2014இல் தொடங்கிய அர்பன் கம்பெனி போன்ற செயலிகள் வந்தபின் இளம் தம்பதிகள் காலண்டர் அட்டையைத் தேடுவதில்லை. விலை முன்கூட்டியே தெரியும், பில் வரும், சீருடையில் ஆள் வருவார். ஆனால் அடுத்த முறை வருவது வேறு ஆள். சமையலறைச் சுவருக்குள் எந்த இடத்தில் அலுமினியமும் தாமிரமும் சேர்கின்றன என்பது முதலில் வந்தவருக்குத்தான் தெரியும். நாலு கட்டடத்தை இருபது வருடமாகப் பார்த்துவரும் உள்ளூர்க்காரரின் மதிப்பு அந்த ஞாபகத்தில் இருக்கிறது. அவரை மழைக்கு முன்னால், மே மாதத்தில், ஒன்றும் கெடாத நாளில் கூப்பிட்டு எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்கச் சொல்லும் வீடுகள் சில இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து இரவு 10 மணிக்கு அழைப்பு வந்தால் அவர் மறுப்பதில்லை.

அவருடைய பக்கமும் ஒன்று இருக்கிறது. அவர் மழைக்காலத்தில் ஈரச் சுவரில், மூங்கில் ஏணியில், பெரும்பாலும் எந்தக் காப்பீடும் இல்லாமல் நின்று வேலை செய்கிறார். பயம் மின்சாரத்தைப் பற்றி அல்ல, வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. "இன்னுமா ஆகலை?" என்று யாராவது ஹாலிலிருந்து வந்து மெயினைப் போட்டுவிடுவார்கள். சீரியல் நேரம் நெருங்க நெருங்க அந்த ஆபத்து கூடும். பீங்கான் 'கிட்கேட்' ஃபியூஸ் இருந்த நாட்களில் பழைய வயர்மேன்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏணியில் ஏறும் முன் ஃபியூஸ் கட்டையை உருவித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். எம்.சி.பி. வந்தபின் உருவிக்கொள்ள ஒன்றுமில்லை. செம்பூரில் சில பெரியவர்கள் இப்போது மெயின் ஸ்விட்சுக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு, வீட்டுக்காரரையே அதில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறுகிறார்கள்.